வாரண்டி புத்தகத்தில் இல்லாத பக்கம்

தம்பிகளே, நான் வேலையை விட்டுக் கிளம்பிய நாளில் எனக்காகக் கேக் வெட்டினீர்கள். அப்போது உங்களில் ஒருவர் என்னைப் பற்றி ஒரு கதை சொன்னார். ஒரு நர்ஸ் அம்மாவின் காருக்காக நான் மேனேஜரின் மேஜையைத் தட்டினேனாம். "வேலை போனாலும் பரவால்ல, உண்மையத்தான் எழுதுவேன்" என்று கத்தினேனாம். அதற்குத் தண்டனையாகத்தான் கவுன்ட்டரில் இருந்த என்னை மறுபடி வொர்க்‌ஷாப்புக்குள் அனுப்பினார்களாம். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் கையில் இருந்த கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேசண்ணன் கூச்சப்படுகிறார் என்று நினைத்திருப்பீர்கள். கூச்சம் எனக்கு எப்போதும் உண்டு. அன்றைக்கு அதைவிட மோசமாக இருந்தது.

நான் எந்த மேஜையையும் தட்டவில்லை. ஊருக்கு வந்த பிறகு, நடந்ததை நடந்தபடி எழுதி உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. முக்கியமாக, புதிதாகக் கவுன்ட்டரில் நிற்கப்போகிறவர்களுக்கு. வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் தமிழில் பத்தாவது வரை படித்தவன். அமீரகத்தில் அல் ஐனுக்கு, நம் கார் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மெக்கானிக்காக வந்தேன். சில வருடங்கள் கழித்துக் கவுன்ட்டரில் ஆள் பற்றாக்குறை வந்தது. இவனுக்குத் தமிழ், மலையாளம், ஹிந்தி, கொஞ்சம் அரபி எல்லாம் வருகிறது என்று சொல்லி, கிரீஸ் கறை படிந்த சட்டையைக் கழற்றச் சொல்லி, வெள்ளைச் சட்டை கொடுத்து முன்னால் நிறுத்திவிட்டார்கள். பேசத் தெரிந்தவனுக்கெல்லாம் பேசப் பிடிக்கும் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குக் காரோடு நாள் முழுக்க இருக்க முடியும். காரின் சொந்தக்காரரோடு கொஞ்ச நேரம் இருந்தாலே வியர்த்துவிடும்.

எனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான், என் கஷ்டத்தைப் பார்த்து ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். யாராவது காருக்குத் தானே ஆயில் மாற்றிவிட்டு, அல்லது வெளி கராஜில் மாற்றிவிட்டு, வாரண்டி கேட்டு வந்தால் நீண்ட பேச்சு வேண்டாம். "வெளிய கை வச்சா வாரண்டி கலாஸ்." கலாஸ் என்றால் அரபியில் தீர்ந்தது. அவ்வளவுதான். சொல்லும்போதே அவர்கள் கொண்டுவந்த வாரண்டி புத்தகத்தை மூடி, இரண்டு விரலால் அவர்கள் பக்கம் தள்ளிவிட வேண்டும். "புக்கைத் தள்ளிட்டா அவன் மேல பேச மாட்டான், பாரு" என்றார். அவர் சொன்னது சரியாக இருந்தது. பெரும்பாலானவர்கள் மேலே பேசவில்லை.

என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அந்த வாக்கியம் ஒரு கதவு மாதிரி இருந்தது. சாத்திக்கொண்டால் நிம்மதி. ஹிந்தியில் சொன்னேன், மலையாளத்தில் சொன்னேன், தெரிந்த அரபியில் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோருமே அது புத்தகத்தில் இருக்கிறது என்று நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்தப் புத்தகத்தை நான் ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

இப்போது நர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் ரெக்கவரி வண்டியில் ஒரு சின்னக் கார் வந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினில் கடகடவென்று சத்தம் வந்து நின்றுவிட்டதாம். பின்னாலேயே ஒரு டாக்ஸியில் ஒரு அம்மா வந்து இறங்கினார். டூட்டி யூனிபார்ம், காலில் தட்டைச் செருப்பு, தோளில் பெரிய பை. பெயர் ஜெனிட்டா. தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம். அல் ஐன் ஊரைவிட்டு ரொம்பத் தூரத்தில், பாலைவனத்துக்குள் போகிற ரோட்டில் ஒரு கிளினிக்கில் வேலை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. சொந்த வண்டி இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அந்த வேலையையே கொடுத்திருந்தார்கள். நம் ஊர்க்காரன் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு தைரியம் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க நம்மாளா? நல்லதாப் போச்சு. வண்டி இன்னும் வாரண்டியிலதான் இருக்கு. எத்தனை நாள்ல கெடைக்கும்? கிளினிக் டாக்டர் ஒருத்தரு வண்டியில இப்போதைக்குப் போயிட்டு வருவேன். அவரு இந்த மாசக் கடைசியில லீவுல போறாரு. அதுக்கப்புறம் வண்டி இல்லன்னா வேற ஆளப் போட்டிருவாங்க. எம் பொண்ணு இங்கதான் பன்னெண்டாவது படிக்கா. அவ விசாவும் என் வேலையை வச்சுத்தான்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் கம்ப்யூட்டரில் அவர் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். முதல் சர்வீஸுக்குப் பிறகு அந்த வண்டி எங்களிடம் வரவே இல்லை.

"சர்வீஸ் எங்க பண்ணுனீங்க, சிஸ்டர்?"

"வீட்டுல."

"யாரு பண்ணது? வீட்டுக்காரரா?"

"அவரு கப்பல்ல இருக்காரு. நான்தான் பண்ணேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை நான் மறைக்கவில்லை. அவர் அதைப் பார்த்தார்.

"என்ன சிரிக்கீங்க? எங்க அப்பா வள்ளத்து எஞ்சினப் பிரிக்கும்போது ஸ்பேனர் எடுத்துக் குடுத்து வளந்தவ நான். இங்க சர்வீஸுக்கு வந்தா ஒரு நாள் லீவு போயிருது. ஆயில் மாத்த எதுக்கு லீவு?"

பையைத் திறந்து பில்களை எடுத்து வைத்தார். ஆயில், ஃபில்டர் எல்லாமே எங்கள் பார்ட்ஸ் கவுன்ட்டரிலேயே வாங்கியது. ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டர் மீட்டரை போனில் படம் எடுத்து வைத்திருந்தார். ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டருக்கு முன்பே எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். வாரண்டி புத்தகத்தை மூடினேன், இரண்டு விரலால் தள்ளினேன்.

"வெளிய கை வச்சா வாரண்டி கலாஸ், சிஸ்டர். புக்குலயே போட்டிருக்கு."

எல்லோரும் போல அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் புத்தகத்தை அதே இரண்டு விரலால் என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னு காட்டுங்க, அண்ணாச்சி."

தம்பிகளே, அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. நான் புத்தகத்தை எடுத்தேன். திறந்தேன். முழுக்க அரபியாக இருந்தது. நம் புத்தகம் உங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் இருந்து அரபி. பதற்றத்தில் அரபிப் பக்கமாகத் திறந்துவிட்டேன். அதைத் திருப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கந்தூரா என்ற வெள்ளை அங்கியோடு நின்றிருந்த ஒரு அரபிப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, என் கையில் இருந்த புத்தகத்தைத் திருப்பி, இங்கிலீஷ் பக்கம் மேலே வரும்படி வைத்தார். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் தேவலை.

இங்கிலீஷ் பக்கமும் எனக்குப் பெரிதாக உதவவில்லை. சின்ன எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வரிசையில் யாரோ "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார். வாரண்டி என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் விரலை வைத்தேன். ஜெனிட்டா சிஸ்டர் குனிந்து படித்துவிட்டு "இது இல்ல", "இதுவும் இல்ல" என்றார். ஒரு டீச்சரின் முன்னால் வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றேன்.

சத்தம் கேட்டு மேனேஜர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். வடநாட்டுக்காரர், எப்போதும் எதையாவது கிண்டலாகச் சொல்லிவிட்டுத்தான் வேலையைப் பேசுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஹிந்தியில், "நர்ஸ்தானே? எஞ்சினுக்கு ஊசி போட்டாங்களா, மாத்திரை குடுத்தாங்களா?" என்றார். கவுன்ட்டரில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். புத்தகத்தில் தோற்றுப்போய் நின்றவனுக்கு அந்தச் சிரிப்பு ஒரு விடுதலை மாதிரி இருந்தது.

ஜெனிட்டா சிஸ்டருக்கு ஹிந்தி தெரியும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கிளினிக்கில் வேலை பார்க்கிறவருக்கு அந்த ஊரில் ஹிந்தி தெரியாமல் இருக்குமா? அவர் ஹிந்தியிலேயே பதில் சொன்னார். "ஊசி போட்டா உடனே எழுதி வைப்போம் சார். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு. நான் வண்டிக்கும் எழுதி வச்சிருக்கேன். உங்க ஆளு பக்கத்தைத் தேடிட்டு இருக்காரு."

மேனேஜர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வண்டியைத் திறந்து பார்த்து ரிப்போர்ட் போடுவோம், கார் கம்பெனி முடிவு செய்யட்டும் என்று அவரை அனுப்பிவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "தானே சர்வீஸ் பண்ண வண்டி. ஏதாவது தப்பு இல்லாம இருக்காது. பார்த்து எழுது" என்றார். மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. இதையும் கதையில் மாற்றிச் சொல்கிறீர்கள்.

நானும் ரஃபீக் பாயும் வண்டியைத் திறந்தோம். ரஃபீக் பாய் பெஷாவர்க்காரர், எஞ்சின் வேலையில் எங்களில் மூத்தவர். எஞ்சினுக்குள் ஓடும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கிற பாகம் உடைந்திருந்தது. அந்தப் பாகம் இரண்டு காரணத்தால் போகலாம். ஆயில் குறைந்தாலோ கெட்டாலோ போகும். அல்லது பாகமே சரியில்லாமல் வந்திருந்தால் போகும். முதல் காரணம் என்றால் வண்டிக்காரர் பொறுப்பு. இரண்டாவது என்றால் கம்பெனி பொறுப்பு. எல்லாமே அதில்தான் இருந்தது.

ஆயில் அளவு பார்த்தோம். மேல் கோடு வரை இருந்தது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தோம். அவ்வளவு வருடம் ஓடின எஞ்சின் மாதிரியே இல்லை, கசடு என்பதே கிடையாது. ஃபில்டர் சரியானது, சரியாக முடுக்கியிருந்தது.

"இந்தப் பொண்ணை நம்ம ஷாப்ல சேர்த்துக்கணும், முருகேசன் பாய்" என்றார் ரஃபீக் பாய். "நம்ம பசங்க இப்படிச் செய்ய மாட்டானுங்க."

ஒரே ஒரு குறை இருந்தது. ஆயில் இறக்கும் போல்ட்டுக்குக் கீழே வருகிற வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டும். அவர் கடைசித் தடவை பழையதையே போட்டிருந்தார். அதனால் போல்ட்டைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம். சொட்டவில்லை. விரலால் தொட்டால் விரல் மினுமினுக்கும், அவ்வளவுதான். ஆயில் அளவு மேல் கோட்டில் இருக்கும்போது அந்த ஈரத்துக்கும் உடைந்த பாகத்துக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு அது தெரியும். நான் வெள்ளைச் சட்டை போடுவதற்கு முன்னால் மெக்கானிக்.

கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் எழுதும் இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதினேன். ஆயில் இறக்கும் போல்ட்டில் கசிவு உள்ளது. சர்வீஸ் வண்டிக்காரரே செய்தது. போல்ட்டின் ஈரத்தை நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்றைச் சேர்த்தேன். நெருக்கத்தில் எடுத்தால் எந்த ஈரமும் பெரிதாகத்தான் தெரியும்.

ஒன்றும் பொய் இல்லை. இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆயில் அளவை நான் குறைத்து எழுதவில்லை. எழுதவே இல்லை. எஞ்சின் உள்ளே சுத்தமாக இருந்தது என்பதையும் எழுதவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். மேனேஜருக்குப் பயந்து என்று சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும், என்னையும் மன்னித்துவிடுவீர்கள். பயம் கொஞ்சம் இருந்தது. அதைவிட, அந்தப் புத்தகம் என் கையில் திருப்பப்பட்டது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மா ஏதாவது ஒன்றில் தப்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. வாஷர் கிடைத்தபோது சந்தோஷப்பட்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. சரியாகச் செய்யாத சர்வீஸால் வந்த பழுது, வாரண்டி கிடையாது. மேனேஜர் போகிற போக்கில் "போட்டோ நல்லா எடுத்திருக்கே" என்றார்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை என் ரூமில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் ஒரு வாரண்டி புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும், அவர் வரும்போது விரலை வைத்துக் காட்டிவிட வேண்டும் என்ற வீம்பு. போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து வரி வரியாகப் படித்தேன். தெரியாத சொற்கள் நிறைய இருந்தன. ஆனால் விஷயம் அவ்வளவு கஷ்டமாக இல்லை. குறித்த கிலோமீட்டருக்குள் சர்வீஸ் செய்ய வேண்டும். சொன்ன தரத்தில் ஆயிலும் ஃபில்டரும் போட வேண்டும். அதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும். செய்த வேலையில் உள்ள தப்பால் ஒரு பழுது வந்தால் அந்தப் பழுதுக்கு மட்டும் கம்பெனி பொறுப்பில்லை. யார் கையால் செய்ய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. மறுபடி முதலில் இருந்து படித்தேன். இல்லை.

நான் சொல்வது நம் கம்பெனி புத்தகத்தைப் பற்றி. வேறு கம்பெனியில் வேறு மாதிரி இருக்கலாம். அங்கே போனால் அந்தப் புத்தகத்தைப் படியுங்கள்.

அதற்குப் பிறகாவது நான் மேனேஜரிடம் போனேனா என்றால், இல்லை. புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். சனிக்கிழமை வழக்கம்போல டூட்டிக்குப் போனேன். ரிப்போர்ட் போய்விட்டது, பதிலும் வந்துவிட்டது, இனி என்ன என்று இருந்தேன். நீங்கள் கை தட்டிய ஆள் இவன்தான்.

ஜெனிட்டா சிஸ்டர் பதிலைக் கேட்க நேரில் வந்தார். இந்தத் தடவை யூனிபார்ம் இல்லை. மகளும் கூட வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே பதிலைப் படித்துச் சொன்னேன். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, என் இரண்டு வரியையும் படத்தையும் பார்த்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

"வாஷர் மாத்தணும்னு எனக்குத் தெரியாது. அது என் தப்புதான்" என்றார். "எண்ணெ எவ்வளவு இருந்துச்சு?"

நான் மௌஸை இங்கும் அங்கும் நகர்த்தினேன்.

"அண்ணாச்சி, உங்களத்தான் கேக்கேன். திறந்து பாத்தது நீங்கதான? எண்ணெ எவ்வளவு இருந்துச்சு?"

"அது வந்து, சிஸ்டர்..."

"எங்க கிளினிக்ல ஒருத்தருக்குக் காய்ச்சல்னு மட்டும் எழுதிட்டு, பல்ஸ் எழுதாம, பிரஷர் எழுதாம டூட்டி முடிஞ்சு போனோம்னு வைங்க. பொய் எழுதல. ஆனா அந்த ஆளு செத்துப்போனா அதுக்கு நாங்கதான் காரணம். நீங்க என் வண்டிக்குக் காய்ச்சல்னு மட்டும் எழுதியிருக்கீங்க."

குரலை உயர்த்தவே இல்லை. நோயாளியிடம் பேசுகிற மாதிரித்தான் பேசினார். என்னால் நிமிர முடியவில்லை. கவுன்ட்டர் மேல் இருந்த பேனாவை நேராக்கினேன்.

"ஃபுல்லா இருந்துச்சு" என்றேன்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"ஃபுல்லா இருந்துச்சு, சிஸ்டர். மேல் கோடு வரைக்கும். உள்ளயும் சுத்தமா இருந்துச்சு."

என் குரல் எனக்கே அளவுக்கு மீறிக் கேட்டது. கவுன்ட்டரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி அறையில் மேனேஜர் தலையைத் தூக்கினார்.

"அப்ப அத எழுதுங்க" என்றார் சிஸ்டர். "நான் நிக்கேன்."

அவர் நின்றார். நான் எழுதினேன். அவர் நகர்ந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. ஆயில் அளவு, எஞ்சினுக்குள் இருந்த நிலை, ஃபில்டர், பில்கள், எல்லாவற்றையும் எழுதினேன். கசிவு சொட்டும் அளவில் இல்லை, பழுதுக்கு அது காரணம் அல்ல என்றும் எழுதினேன். படம் வேண்டுமே என்று தேடும்போது ரஃபீக் பாய் பின்னால் வந்து தன் போனை நீட்டினார். ஆயில் அளவையும் எஞ்சின் உள்பக்கத்தையும் அவர் அன்றைக்கே படம் எடுத்து வைத்திருந்தார். நான் கேட்கவில்லை, அதனால் அவர் கொடுக்கவில்லை. "கேப்பேன்னு பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார்.

மேனேஜர் வெளியே வந்து திரையைப் படித்தார். நர்ஸ் நிற்பதைப் பார்த்தார். சோபாவில் மகள் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். "அச்சா, அனுப்பு" என்றார். அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு, கஸ்டமர் முன்னால் இப்படி முழிக்கிறவன் கவுன்ட்டருக்குச் சரிப்பட மாட்டான் என்று சொல்லி, மறுபடி எஞ்சின் வேலைக்கே அனுப்பினார். நீங்கள் அதைத் தண்டனை என்கிறீர்கள். வெள்ளைச் சட்டையைக் கழற்றியபோது எனக்கு வந்த நிம்மதி எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது ரிப்போர்ட்டுக்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது. டாக்டர் லீவில் போவதற்குள் வண்டி தயாராகிவிட்டது. எஞ்சின் வேலையை ரஃபீக் பாயும் நானும்தான் செய்தோம். கடைசியில் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டது நான். நாலைந்து வாஷரை வாங்கி ஒரு சின்னக் கவரில் போட்டு முன் சீட்டில் வைத்தேன். நேரில் கொடுக்கத் தைரியம் இல்லை. ஆனால் அவர் வண்டியை எடுத்ததும் நேராக வொர்க்‌ஷாப் வாசலுக்கே ஓட்டிவந்து கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் கெடச்சுதா?"

"இல்ல, சிஸ்டர். படிச்சுப் பாத்தேன். அப்படி ஒரு பக்கமே இல்ல."

"அப்போ இத்தனை வருஷமா எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் துணியை எடுத்துக் கையில் இருந்த கிரீஸைத் துடைத்தேன். கவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் மிச்ச வருடங்கள் அங்கே இருந்தேன். ஜெனிட்டா சிஸ்டருக்குக் கிடைத்துவிட்டது. அவர் திருப்பித் தள்ளினார், கிடைத்தது. தள்ளாமல் போனவர்களின் முகம்தான் எனக்கு வரும். காய்கறி மார்க்கெட்டில் பிக்கப் ஓட்டிய பங்களாதேஷ்காரர் ஒருவர். ஏசி போய்விட்டது என்று வந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு சூடானி வாத்தியார், பேட்டரியைத் தானே மாற்றியிருந்தார். அவருக்கு ஜன்னல் கண்ணாடி மோட்டாரை மறுத்தேன். பேட்டரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ராமநாதபுரத்துப் பையன் ஒருவன், முதல் கார், "அண்ணே, ஏதாச்சும் பண்ண முடியுமாண்ணே" என்று கேட்டுவிட்டு, நான் தலையாட்டியதும் சிரித்துக்கொண்டே போனான்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன்.

கிளம்பும் நாள், கேக் வருவதற்கு முன்னால், கஸ்டமர் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருடத்தில் அந்த சோபாவில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கவுன்ட்டரில் நம் தம்பி ஒருவர் நின்றார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். எதிரில் டெலிவரி கம்பெனி டி-ஷர்ட் போட்ட ஒருவர். வண்டியில் கியர் சரியாக விழவில்லையாம். ஆயிலைத் தன் ரூம் வாசலிலேயே மாற்றியதாகச் சொன்னார். தம்பி அவர் புத்தகத்தை மூடினார். இரண்டு விரலால் தள்ளினார். "வெளிய கை வச்சா வாரண்டி கலாஸ், பாய்."

என் குரல்தான் அது. என் இழுப்பு, என் விரல். எனக்கு முன்னால் நின்றவரிடம் நான் கற்றதை என்னிடம் நீங்கள் கற்றிருக்கிறீர்கள். நான் வொர்க்‌ஷாப்புக்குள் போன பிறகும் அந்த வாக்கியம் கவுன்ட்டரிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதை எடுத்துப்போட எத்தனையோ நாள் எனக்குச் சமயம் இருந்தது. புதிதாக வந்தவர்களிடம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கதையையும் சொல்ல வேண்டிவரும் என்று சொல்லாமலே இருந்துவிட்டேன்.

அந்த டெலிவரிக்காரர் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். "ஓகே சார். சாரி சார்" என்றார். சாரி சொன்னது அவர்.

நான் சோபாவில் பாதி எழுந்தேன். நிஜமாகவே எழுந்தேன். அப்போது உள்ளிருந்து "அண்ணே, கேக் வந்திருச்சு, வாங்கண்ணே!" என்று கூப்பிட்டீர்கள். எழுந்தவன் அப்படியே திரும்பி உள்ளே வந்துவிட்டேன். வந்த இடத்தில்தான் என் தைரியத்தைப் பற்றிக் கதை சொல்லிக் கை தட்டினீர்கள்.

அன்றைக்குக் கவுன்ட்டரில் நின்ற தம்பி, அந்த டெலிவரிக்காரர் நம்பர் அன்றைய வேலைச் சீட்டில் இருக்கும். அவரைக் கூப்பிடு. கியர் விழாததற்கும் அவர் ஆயில் மாற்றியதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று வண்டியைத் திறந்து பார். இருந்தால் இருக்கிறது என்று எழுது, இல்லாவிட்டால் இல்லை என்று எழுது. பார்த்தது எல்லாவற்றையும் எழுது. அதற்கு முன்னால் சாரி சொல். பிறகு புத்தகத்தை எடுத்து அவரோடு உட்கார்ந்து படி. பதற்றத்தில் தலைகீழாகத் திறந்துவிட்டாலும் பரவாயில்லை. அவர் கையை நீட்டித் திருப்பி வைப்பார்.